ஜீரோரேஞ்சர்: கன்டினியூவை ஏன் சம்பாதிக்க வேண்டும்?

ஜனவரி 11, மாலை – கேள்வி

"ஜீரோரேஞ்சர் என்ற விண்கலச் சுடும் ஆட்டம் நன்றாக இருக்கிறது என்று பலரும் சொன்னதால் வாங்கினேன். பச்சையும் ஆரஞ்சுமாக ஒரு விண்கலம், பழைய காலத்து இசை, எல்லாம் சரி. ஆனால் கன்டினியூ (செத்தபின் விட்ட இடத்திலிருந்தே தொடரும் வாய்ப்பு) வேண்டுமென்றால் ஸ்கோர் சேர்த்துத்தான் பெற வேண்டுமாம். காசு கொடுத்து வாங்கிய ஆட்டம் இது. நாணயம் விழுங்கிய ஆர்கேட் (கடைகளில் இருந்த ஆட்ட இயந்திரங்கள்) காலத்து வழக்கத்தை 2018இல் வந்த ஓர் ஆட்டம் எதற்குச் சுமக்க வேண்டும்? மொத்தமே ஒரு மணி நேரம் போல ஓடும் ஆட்டத்தை இழுத்து நீட்டும் வேலையாகத்தான் எனக்குத் தெரிகிறது. வேறு மாதிரி நினைப்பவர்கள் சொல்லுங்கள்."

ஜனவரி 11, இரவு

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். ஆர்கேடில் கையில் நாணயம் இருக்கும்வரை பெரும்பாலான ஆட்டங்களில் கன்டினியூவுக்குக் குறைவே கிடையாது. செத்தால் திரையில் ஒன்பது, எட்டு, ஏழு என்று எண்ணிக்கை இறங்கும். அதற்குள் நாணயம் போட்டால் எழுந்து தொடரலாம். ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை, பை கனமாக இருந்தால் போதும். ஜீரோரேஞ்சர் மூடியிருப்பது அந்தக் கதவைத்தான்.

அதில் நடப்பது இது: ஒவ்வொரு முறை ஆடும்போதும் எடுக்கும் ஸ்கோர் ஒரு பொதுக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. கணக்கு ஓர் அளவைத் தாண்டும்போது ஒரு கன்டினியூ கூடுகிறது. முதல் ஸ்டேஜிலேயே செத்தாலும் அந்த ஆட்டத்தில் எடுத்த புள்ளிகள் வீணாவதில்லை. மோசமாக ஆடிய ராத்திரிகூடக் கணக்கில் ஏறுகிறது. கன்டினியூ கூடக் கூட இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம். அதற்குள் முதல் இரண்டு ஸ்டேஜ்கள் கைக்குப் பழகியிருக்கும். திறமையும் கன்டினியூவும் சேர்ந்தே வளரும்படி செய்திருக்கிறார்கள். இதில் நீட்டல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு மணி நேர ஆட்டம் என்பதைப் பற்றி: ஷூட்டர்களின் (இப்படிக் கலத்தை ஓட்டிச் சுடும் ஆட்டங்களின்) நீளமே அவ்வளவுதான். டோடோன்பாச்சி என்ற ஷூட்டரின் முதல் சுற்றில் ஆறு ஸ்டேஜ்கள், அவ்வளவே. இகாருகாவில் ஐந்து. முழுசாக ஒருமுறை ஆட ஆகும் நேரத்தை வைத்து இந்த வகையை அளந்தால் எல்லாமே குட்டி ஆட்டங்களாகத்தான் தெரியும்.

ஜனவரி 11, இன்னும் கொஞ்சம்

இகாருகா என்றதும் நினைவுக்கு வந்தது. ட்ரெஷர் நிறுவனத்தின் அந்த ஆட்டம் வீட்டுக் கன்சோலுக்கு வந்தபோது, ஆடிய நேரத்துக்கு ஏற்ப கிரெடிட் (கன்டினியூ போட உதவும், நாணயத்துக்குச் சமமான கணக்கு) கூடிக்கொண்டே போனது. போதிய நேரம் ஆடிவிட்டால் அளவில்லாமல் தொடரவிடும் ஃப்ரீ ப்ளேயே திறந்துவிடும். அதே ட்ரெஷர் கொனாமிக்காகச் செய்துகொடுத்த கிரேடியஸ் 5இலும் (2004) இதே ஏற்பாடு. ஜீரோரேஞ்சர் நேரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்கோரை வைத்தது. சின்ன மாற்றம்தான், ஆனால் எனக்கு இதுவே சரியென்று படுகிறது. நேரக் கணக்கு என்றால் ஆட்டத்தை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனாலும் கிரெடிட் ஏறும். ஸ்கோர் வேண்டுமென்றால் எதிரியை நோக்கிப் போய்த்தான் ஆக வேண்டும்.

ஜனவரி 13

"எண்டிங் பார்க்க வேண்டும் என்பதுதானே எல்லோருக்கும் ஆசை, அதைத் தடுப்பது நியாயமா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். என் அனுபவத்தையே சொல்கிறேன்.

கேவ் நிறுவனத்தின் டோடோன்பாச்சியை (1997) நான் முதலில் ஆடியது அளவில்லாத கிரெடிட்டோடு. ஒரே மாலையில் கடைசிவரை போய்விட்டேன். செத்தேன், பட்டனை அழுத்தினேன், மறுபடி செத்தேன், மறுபடி அழுத்தினேன். எண்டிங் வந்தது, மூடிவைத்தேன். மறுநாள் யாராவது நான்காவது ஸ்டேஜில் என்ன வந்தது என்று கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. திரை முழுக்க இளஞ்சிவப்புத் தோட்டாக்கள் வந்தன என்பதைத் தவிர ஒன்றும் மனதில் தங்கவில்லை.

ரொம்ப நாள் கழித்து ஒரே கிரெடிட்டில், அதாவது கன்டினியூ போடாமல், எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்க்க உட்கார்ந்தேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. சுடும் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஷாட் லேசராக மாறுகிறது, அப்போது கலமும் மெதுவாகிறது. அந்த மெதுவான நகர்வு ஒரு வசதி. தோட்டாக்கள் நெருக்கமாக வரும்போது அதை வைத்துத்தான் இடுக்கில் புக வேண்டும். முதல் தடவை லேசரைச் சக்தி அதிகமான ஆயுதம் என்று மட்டுமே எண்ணியிருந்தேன். சாவுக்கு விலையே இல்லாதபோது ஏன் செத்தோம் என்று யோசிக்க வேண்டிய தேவை வருவதில்லை.

அந்த ஆட்டம் இன்னொன்றும் செய்கிறது. கன்டினியூ போட்டு முடித்தவருக்கு முதல் சுற்றோடு சரி. ஒரே கிரெடிட்டில், சில நிபந்தனைகளில் ஒன்றையாவது நிறைவேற்றி முடித்தவருக்குத்தான் இரண்டாம் சுற்று, அதாவது அதே ஸ்டேஜ்கள் இன்னும் கடினமாகத் திரும்ப வருவது. கடைசி பாஸான (பெரிய எதிரியான) ஹிபாச்சி அங்கேதான் இருக்கிறது. ஆக நான் அந்த மாலையில் பார்த்தது ஆட்டத்தின் எண்டிங்கே இல்லை.

ஜனவரி 15

நிறத்தைப் பற்றிக் கேட்டவருக்கு. "பச்சையும் ஆரஞ்சும் மட்டும் போட்டால் ரெட்ரோ (பழைய பாணி) ஆகிவிடுமா?" என்ற கேள்வி நியாயமானது. ரெட்ரோ என்று பெயர் போட்டு வரும் பல ஆட்டங்களில் எனக்கு எரிச்சல் வருவதும் இங்கேதான்.

பழைய வன்பொருளின் எல்லைகளை முதலில் பார்ப்போம். நின்டெண்டோவின் பழைய கன்சோலான ஃபேமிகாமில் ஒரே நேரத்தில் 64 ஸ்ப்ரைட்கள் (நகரும் சின்னப் படங்கள்)தான் காட்ட முடியும். ஒரே கிடைவரியில் 8க்கு மேல் வந்தால் மிச்சம் வரையப்படாது, அதனால்தான் பொருள்கள் மினுக்மினுக்கென்று அணைந்து எரியும். சேகாவின் மெகா டிரைவ் கன்சோல் 512 நிறங்களில் 64ஐ மட்டுமே ஒரே சமயத்தில் திரைக்குக் கொண்டுவரும். இந்த நெருக்கடியில் வேலை செய்தவர்களுக்கு எதை எடுப்பாகக் காட்டுவது, எதை அடக்கிவைப்பது என்று ஒவ்வொரு நிறத்துக்கும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஷூட்டரில் அந்த முடிவு உயிர் போகிற விஷயம். தோட்டா கண்ணில் படவில்லை என்றால் ஆட்டமே இல்லை.

வன்பொருள் வளர்ந்தபின் என்ன ஆனது என்பதற்கு பேட்டில் கரேகா (1996) நல்ல உதாரணம். ரைசிங் நிறுவனத்தின் மிகச் சிறந்த ஆட்டம் அது என்று நினைக்கிறேன், விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதில் எதிரிகளின் தோட்டாக்கள் நிஜத் தோட்டா மாதிரி மெலிசாக, உலோக நிறத்தில் வரும். வெடிப்புகளுக்கும் சிதறும் இரும்புத் துண்டுகளுக்கும் நடுவே அதைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. பிற்பாடு வந்த பதிப்பில் தோட்டாவை எடுப்பாகக் காட்டும் வசதி வைக்க வேண்டியதாயிற்று. கேவ் இதற்கு வேறு விடை கண்டுபிடித்தது: பெரிய, உருண்டையான, பளிச்சென்ற இளஞ்சிவப்பு, நீலத் தோட்டாக்கள். நூற்றுக்கணக்கில் வந்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும்.

ஜீரோரேஞ்சர் செய்ததை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். எந்த வன்பொருளும் வற்புறுத்தாமல், தானாகவே நிறங்களை ஏறக்குறைய இரண்டு குடும்பமாகக் குறைத்துக்கொண்டது. அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று நன்றாக விலகி நிற்பவை. கொஞ்ச நேரம் ஆடினால் எது தன்னைக் கொல்லும், எது வெறும் பின்னணி என்று கண் யோசிக்காமலே பிரித்துவிடுகிறது. அழகுக்காகச் செய்ததாகத் தெரியும், ஆனால் ஆட்டக்காரருக்குக் கிடைப்பது தெளிவு.

எரிச்சல் என்று சொன்னேனே, அது இது: பிக்சல் உருவத்தை வரைந்துவிட்டு அதன்மேல் இன்றைய கணினியின் ஒளிப் பிரகாசம், புகை, தீப்பொறி எல்லாவற்றையும் கொட்டி, தோட்டாவை அதற்குள் புதைப்பவர்கள். ஒரே திரையில் கலத்தின் பிக்சல் ஓர் அளவு, பாஸின் பிக்சல் வேறு அளவு, எழுத்துகள் இன்னொரு அளவு. பழையதன் தோற்றத்தை எடுத்துக்கொண்டார்கள், அந்தத் தோற்றத்தைக் கொண்டுவந்த கட்டுப்பாட்டை விட்டுவிட்டார்கள்.

ஜனவரி 15, சற்றுப் பின்

பிக்சல் அளவு என்றதும் ஒருவர் தன் திரையில் கோடுகள் கோணலாகத் தெரிவதாகச் சொல்கிறார். பழைய ஆட்டங்களிலும் அவற்றைப் பின்பற்றும் ஆட்டங்களிலும் படத்தின் உயரம் 240 வரி அளவில் இருக்கும். 1080 வரித் திரையை நிரப்ப அதை 4.5 மடங்கு ஆக்க வேண்டும். அரைப் பிக்சல் என்று ஒன்று கிடையாது, அதனால் சில வரிகள் தடியாகவும் சில மெலிசாகவும் விழும். செட்டிங்கில் முழு எண் மடங்குக்கு மாற்றுங்கள். நான்கு மடங்கில் 960 வரி வரும், மேலும் கீழும் கொஞ்சம் கறுப்பு இடம் மிஞ்சும், படம் சுத்தமாக இருக்கும்.

ஜனவரி 18

இன்று வேகத்தைப் பற்றி எழுதத் தோன்றுகிறது. கன்டினியூ கேள்விக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, கொஞ்சம் பொறுங்கள்.

1978இல் டைட்டோ வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மிச்சம் இருப்பவை வேகமாக இறங்கும். அதை உருவாக்கிய தோமோஹிரோ நிஷிகாடோ முதலில் அப்படித் திட்டமிடவில்லை. திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததும் இயந்திரத்துக்குச் சுமை குறைந்தது, மிஞ்சியவை வேகமெடுத்தன. அவர் அதைத் திருத்தாமல் விட்டார். கடைசி ஒற்றை எதிரி விறுவிறுவென்று குறுக்கே ஓடும் அந்தப் பதற்றம் இயந்திரத்தின் போதாமையில் பிறந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. சூப்பர் ஃபேமிகாமில் வந்த கிரேடியஸ் 3 திரை நிறைந்தால் திணறி மெதுவாகிவிடும். கேவின் ஆர்கேட் ஆட்டங்களிலும் தோட்டாக்கள் குவியும்போது வேகம் தளரும். அந்தத் தளர்வில்தான் ஆட்டக்காரர் மூச்சு விட்டு வழி தேடுகிறார். அந்த ஆட்டங்களை வேறு இயந்திரத்துக்கு மாற்றும்போது தளர்வு விட்டுப்போனால், ரசிகர்கள் இது சரியான பதிப்பே இல்லை என்று ஒதுக்குவார்கள்.

இன்றைய கணினிக்கு ஆயிரம் தோட்டா ஒரு பொருட்டே இல்லை. எதுவும் தானாக மெதுவாகாது, எதுவும் தானாக மினுக்காது. அதனால் ரெட்ரோ பாணியில் செய்ய வருபவர் ஒவ்வொரு பழைய குறையையும் எடுத்துப் பார்த்து, இதை வைத்துக்கொள்வதா விடுவதா என்று தானே முடிவு செய்தாக வேண்டும். பாஸ் வெடிக்கும் நொடியில் வேகத்தைக் குறைப்பது இன்று வேண்டுமென்றே எழுதப்படும் நிரல். நிறத்தைக் குறைப்பதும் அப்படித்தான். கன்டினியூவைக் குறைப்பதும் அப்படித்தான் என்பது என் கட்சி. எனக்கு ஒரு ரெட்ரோ ஆட்டம் பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் பெரும்பாலும் இந்தத் தேர்வுகளில்தான் நிற்கிறது.

ஜனவரி 19

சிலர் பழைய ஆட்டங்களின் கஷ்டம் எல்லாமே பொற்காலம் என்பதுபோல் எழுதுகிறார்கள். நான் அந்தக் கூட்டம் இல்லை. கிரேடியஸில் (1985) ஒருமுறை செத்தால் சேர்த்த ஆயுதம் எல்லாம் போய், வெறும் கலத்தோடு பின்னால் ஓர் இடத்தில் நிற்க வேண்டும். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவருக்கு எளிதாகவும் தடுமாறியவருக்கு இன்னும் கடினமாகவும் ஆகிற அமைப்பு. அந்த ஆட்டத்தை ஃபேமிகாமுக்கு மாற்றிய கசுஹிசா ஹாஷிமோதோவுக்கே சோதித்துப் பார்க்கக் கஷ்டமாக இருந்ததால்தான் முழு ஆயுதமும் தரும் ரகசிய பட்டன் வரிசையை 1986இல் உள்ளே வைத்தார். கொனாமி கோட் பிறந்தது இப்படி. செத்தவனை மேலும் உதைக்கும் வழக்கம் திரும்பி வர வேண்டாம்.

ஜனவரி 20

கேள்வி கேட்டவர் இரண்டாவது ஸ்டேஜில் மாட்டிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறார். கொஞ்சம் நடைமுறை பேசுவோம்.

தோட்டாக்களை முதலில் இரண்டாகப் பிரித்துப் பழகுங்கள். ஒருவகை உங்களைக் குறிபார்த்து வருவது. சுட்ட நொடியில் நீங்கள் நின்ற இடத்தை நோக்கி அது போகும். இதற்குப் பெரிதாக ஓடக் கூடாது. ஒரு விரல் தட்டல் அளவு நகர்ந்தாலே பக்கத்தில் போய்விடும். எதிரி தொடர்ந்து சுட்டுக்கொண்டிருந்தால் ஒரே திசையில் மெல்லத் தட்டித் தட்டி நகருங்கள், தோட்டாக்கள் வால் மாதிரி பின்னால் வரும். சிக்கல், ஓரத்தை எட்டும்போது. அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே ஒரு பெரிய வெட்டு வெட்டி எதிர்ப்பக்கம் தாவ வேண்டும். திடீரென்று தாவும்போதுதான் வாலில் ஓர் இடைவெளி விழும், அதன் வழியே திரும்பலாம். புதிதாக ஆடுபவர்கள் முதலிலேயே இங்கும் அங்கும் ஓடித் திரை முழுக்கத் தோட்டாவை இறைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் போக இடமில்லை.

இரண்டாவது வகை நீங்கள் எங்கே இருந்தாலும் ஒரே வடிவத்தில் வருவது. விசிறி, வளையம், சுருள் எல்லாம் பெரும்பாலும் இதில் சேரும். இதற்கு அவசரமே வேண்டாம். இடைவெளி எங்கே என்று பார்த்து அங்கே நிற்பதுதான் வேலை. நல்ல பாஸ்கள் இரண்டையும் கலந்து அனுப்பும். வளையத்தின் இடைவெளியில் நிற்க விடாமல் குறிபார்த்த தோட்டா உங்களை நகர்த்தும். எது எது என்று பிரித்துவிட்டால் பாதி பாஸ் தீர்ந்த மாதிரி.

பார்வையைக் கலத்தின் மேலேயே ஒட்டவைக்காதீர்கள். கலத்துக்குக் கொஞ்சம் மேலே பாருங்கள். அடிபடும் இடம் கலத்தின் முழு உருவம் இல்லை, நடுவில் சின்ன இடம் மட்டுமே. இறக்கையை உரசிக்கொண்டு தோட்டா போனால் ஒன்றும் ஆகாது. இதை மூளை அறிவது சுலபம், கை நம்புவதற்குத்தான் நாளாகும்.

இன்னொன்று: திரையின் அடியிலேயே பதுங்காதீர்கள். ஸ்கோருக்காக மேலே போய் எதிரி சுடுவதற்கு முன்பே அடித்தால் தோட்டாவே வராது. கன்டினியூக்காக ஸ்கோர் சேர்க்கப் போனவர் தானாகவே பாதுகாப்பாக ஆடக் கற்றுக்கொள்வது இந்த இடத்தில்தான்.

ஜனவரி 20, இரவு

டிவியில் ஆடுகிறீர்கள் என்று இப்போதுதான் பார்த்தேன். கேம் மோட் (படத்தைத் தாமதமில்லாமல் காட்டும் டிவி அமைப்பு) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் ஆட்டத்தில் ஒரு ஃப்ரேம் ஏறக்குறைய 16.7 மில்லி நொடி. டிவி படத்தை மெருகேற்ற 50 மில்லி நொடி எடுத்துக்கொண்டால், நீங்கள் பார்ப்பது மூன்று ஃப்ரேம் பழைய செய்தி. விரல் தட்டலில் தப்பிக்க வேண்டிய ஆட்டத்துக்கு அது ரொம்ப அதிகம்.

ஜனவரி 26

சில நாட்களாக ஓர் ஐயம். சம்பாதிக்கும் கன்டினியூவைப் புகழ்ந்து எழுதிக்கொண்டே போகிறேன். கை வேகம் குறைந்தவர்கள், விரல் வலி உள்ளவர்கள், வாரத்துக்கு ஓரிரு மணி நேரமே கிடைப்பவர்கள் என்ன செய்வார்கள்? என் நெருங்கிய உறவில் ஒருவருக்கு விரல் மூட்டு வலி. ஆர்வம் நிறைய, ஆனால் பட்டனை நீண்ட நேரம் அழுத்த முடியாது. அவரோடு ஆடிப் பார்த்தபின் இதை எளிதாக ஒதுக்க முடியவில்லை.

ஒப்பிட ஜேம்ஸ்டவுனை (2011) எடுத்துக்கொள்கிறேன். செவ்வாயில் ஆங்கிலேயக் குடியேற்றம் என்ற விசித்திரமான கதை, அருமையான பிக்சல் ஓவியம். நாலு பேர் சேர்ந்து ஆடலாம். ஒருவர் உயிரோடு இருந்தால் போதும், விழுந்தவர்கள் திரும்பி வருவார்கள். திறமையில் ஏற்றத்தாழ்வு உள்ளவர்கள் ஒன்றாக உட்கார இதைவிட நல்ல ஷூட்டர் எனக்குத் தெரியாது. ஆனால் அதே ஆட்டம் ஒரு வேலை செய்யும்: பின்னால் வரும் ஸ்டேஜைத் திறக்க, முன்னதை இன்னும் கடினமான நிலையில் முடித்துக் காட்டச் சொல்லும். இது எனக்குப் பிடிக்கவில்லை. முடியாதவர் எவ்வளவு நேரம் ஆடினாலும் அந்தக் கதவு அசையாது.

ஜீரோரேஞ்சரில் அப்படி இல்லை. தடுமாறுபவருக்கும் புள்ளி சேர்கிறது, மெதுவாக என்றாலும் சேர்கிறது. அதனால் என் கருத்து மாறவில்லை, ஆனால் ஓர் ஓரத்தில் திருத்தம் வேண்டும். எளிய நிலை ஒன்று தனியாக இருப்பதும் நல்லது. க்ரிம்சன் க்ளோவரின் வேர்ல்ட் இக்னிஷன் பதிப்பில் (2014) புதியவர்களுக்கான நாவிஸ் மோட் இருக்கிறது. தோட்டா குறைவு, ஆனால் ஆட்டத்தின் சுவை முழுசாக இருக்கிறது. என் உறவினர் அதைத்தான் இப்போது ஆடுகிறார், விடுவதாக இல்லை.

பிப்ரவரி 1

பேச்சு கொஞ்சம் திசை மாறினாலும் பரவாயில்லை. "இவ்வளவு சின்னக் குழுவால் எப்படி முடிகிறது?" என்று கேட்டிருந்தீர்கள். ஜீரோரேஞ்சரைச் செய்த சிஸ்டம் இரேஷர் பின்லாந்தைச் சேர்ந்த இரண்டு பேர் குழு. ஷூட்டர் உலகத்தில் இது புதுமை இல்லை. இந்த வகையின் பாதி உயிர் ஒற்றை ஆட்கள் கையில்தான் இருந்து வந்திருக்கிறது.

ச்சோ ரென் ஷா 68கே என்று ஒன்று உண்டு. 1995இல் ஷார்ப்பின் எக்ஸ்68000 கணினிக்காகச் செய்யப்பட்டு, 2001இல் விண்டோஸுக்கு இலவசமாக வந்தது. அதில் வரும் ஒரு யோசனைக்காகவே எல்லோரும் ஆட வேண்டும். பவர் அப் (ஆயுதத்தை வலுவாக்குவது), பாம் (வெடிகுண்டு), கவசம் மூன்றும் முக்கோணமாகச் சுழன்றுகொண்டே இறங்கி வரும். ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டும் மறைந்துவிடும். ஆனால் எதையும் தொடாமல் அந்தச் சுழற்சியின் நடுவே கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் மூன்றும் உங்களுக்கு! எதிரிகள் அதுவரை கைகட்டி நிற்க மாட்டார்கள். தோட்டா வரும்போது நகர வேண்டும், நகர்ந்தால் ஒன்று மேலே பட்டுவிடும். பேராசையா பிழைப்பா என்று ஒவ்வொரு முறையும் கேட்கும் மூன்று சின்னப் படங்கள். இதற்கு எந்த வன்பொருளும் தேவையில்லை, பெரிய குழுவும் தேவையில்லை.

கென்டா ச்சோ தனியாகவே ஆட்டம் செய்பவர். தோட்டா வடிவங்களை விவரிப்பதற்கென்றே புல்லட்எம்எல் என்று ஒரு மொழியை உருவாக்கி, அதை யாரும் பயன்படுத்தலாம் என்று கொடுத்துவிட்டார். அவருடைய துமிகி ஃபைட்டர்ஸில் (2004) நொறுக்கிய எதிரியின் துண்டுகள் உங்கள் கலத்தில் ஒட்டிக்கொண்டு அவையும் சுடும். டோஹோ என்ற ஷூட்டர் வரிசையைச் செய்யும் ஜுன் (ZUN) ஓவியம், இசை, நிரல் மூன்றையும் தானே செய்பவர். ஸ்பெயினின் லோகோமாலிட்டோ 2010இல் ஹைடோராவை இலவசமாகவே கொடுத்தார், 2017இல் அது சூப்பர் ஹைடோராவாக வளர்ந்தது.

காரணம் எனக்குத் தெரிந்தவரை இது: ஷூட்டரில் உலகம் கட்ட வேண்டாம், ஊர் கட்ட வேண்டாம், உரையாடல் எழுத வேண்டாம். ஒரு கலம், ஒரு திரை, ஒரு நல்ல யோசனை. அதை அலுக்காமல் தேய்த்துக்கொண்டே இருக்கும் பொறுமை வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு அந்தப் பொறுமை கட்டுப்படியாகாது.

பிப்ரவரி 2

வார்னிங் ஃபாரெவரை (2003) விட்டுவிட்டேன் என்று நினைவூட்டியவருக்கு நன்றி. வெறும் பாஸ்கள் மட்டுமே வரும் இலவச ஆட்டம். நீங்கள் எந்தப் பகுதியை எப்படி உடைத்தீர்கள் என்பதைப் பார்த்து அடுத்த பாஸ் தன்னை மாற்றிக்கொண்டு வரும். ஒரே தந்திரத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது.

பிப்ரவரி 8

இனி வருவது ஜீரோரேஞ்சரின் முடிவைப் பற்றியது. முடிக்காதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிவிடுங்கள். கேள்வி கேட்டவரே, நீங்களும்தான்.

கடைசிப் போருக்குமுன் ஆட்டம் ஒன்று கேட்கிறது: எல்லாவற்றையும் பணயம் வைக்கத் தயாரா? சரி என்று சொல்லிவிட்டுத் தோற்றால் சேமித்த கோப்பு அழிந்துவிடும். சேர்த்த ஸ்கோர், கன்டினியூ, எல்லாம். ஆட்டத்தை முதன்முறை திறந்த நாள் மாதிரி வெறுமையாகிவிடும்.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. பல நாள் அந்த இடம்வரை போய் ஆட்டத்தை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி சொன்னேன், தோற்றேன், அழிந்தது. கோபம் வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் மறுநாள் முதலிலிருந்து ஆடியபோது, ஒருகாலத்தில் என் உயிரை எடுத்த ஸ்டேஜ்களைக் கன்டினியூ பக்கமே போகாமல் தாண்டினேன். கன்டினியூக்கள் கட்டடம் எழும்பும்வரை நிற்கும் சாரம் மாதிரி இருந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்ட பிறகு நின்றது கையில் ஏறியிருந்த ஆட்டம். அளவில்லாத கன்டினியூவோடு அந்த இடத்துக்கு வந்திருந்தால் அழிப்பதற்கு எதுவும் இருந்திருக்காது, அந்தக் கேள்விக்கு எந்தக் கனமும் இருந்திருக்காது.

ஓர் ஆட்டம் இப்படிச் செய்யலாமா என்று அதற்குப் பிறகும் யோசித்தேன். சொல்லாமல் அழித்திருந்தால் அது துரோகம். இது கேட்டுவிட்டுச் செய்கிறது. மாட்டேன் என்று சொல்லும் உரிமையும் இருக்கிறது. கடைசிப் போர் நடக்கும் விதத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதப்போவதில்லை, போய்ப் பாருங்கள்.

பிப்ரவரி 10

கேள்வி கேட்டவர் நேற்று இரண்டாவது ஸ்டேஜைக் கடந்துவிட்டாராம், கேம் மோடை மாற்றியதும் வித்தியாசம் தெரிந்ததாம். ரொம்பச் சந்தோஷம். கன்டினியூ ஏற்பாடு இன்னும் பிடிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அதுவும் சரிதான், பிடிக்காமலே ஆடலாம்.

ஆயுதத் தேர்வு பற்றிக் கேட்டதற்கு: நடுவில் இரண்டில் ஒன்றை எடுக்கச் சொல்லும் இடங்களில் எப்போதும் ஒன்றையே எடுக்காதீர்கள். ஒரே பாஸ் ஓர் ஆயுதத்துக்கு ஒரு மாதிரியும் இன்னொன்றுக்கு வேறு மாதிரியும் வழி விடும். ஒன்றில் மாட்டிக்கொண்ட இடம் மற்றதில் சாதாரணமாகப் போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஸ்கோரும் அந்த நேரத்தில் சேரட்டும்.

நடுவில் அலுத்தால் ச்சோ ரென் ஷாவை ஒரு கை பாருங்கள், இலவசம்தான். அடுத்து எந்த பாஸில் நிற்கிறீர்கள் என்று எழுதுங்கள், அதன் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேசலாம்.